தூர் வாருங்க, ஓடையையே வாரிக்கிட்டுப் போயிடாதீங்க

நவரை நடவு முடிஞ்சி இப்பத்தான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. ரெண்டு வருஷமா மனசுக்குள்ள வெச்சிக்கிட்டிருந்த ஒரு விஷயத்தை இன்னிக்கி எழுதிடறேன். படிச்சா சில பேருக்குக் கோபம் வரும். வரட்டும்.

எங்க திருப்புட்குழியில என் ரெண்டு காணி நிலத்தை ஒட்டி ஒரு ஓடை போகுது. அதுக்குத் தனியா பேர் கிடையாது. ஏரிக் கலங்கல் தண்ணியும் மேட்டு நிலத்து மழைத்தண்ணியும் அதுல விழுந்து தெற்கே பாலாற்றுப் பக்கம் போகும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பங்குனி மாசம் அந்த ஓடையின் மேல்பாதியைத் தூர் வாரினாங்க. பெரிய பொக்லைன் ஒண்ணு வந்துச்சி. பதினோரு நாள் வேலை. நாணல், சம்பு, கோரை, நெய்வேலிக் காட்டாமணக்கு, ஆகாயத்தாமரை எல்லாத்துக்கும் "புதர்"னு ஒரே பேரை வெச்சி வாரிப் போட்டாங்க. அதோட விட்டாங்களா? அதுக்குக் கீழ இருந்த அஞ்சடி மணலையும் அடிக்களிமண் தெரியிற வரைக்கும் வழிச்சி எடுத்தாங்க. அந்த மணல் எங்க போச்சின்னு நான் இங்க எழுதப் போறதில்ல.

உண்மையைச் சொல்லணும். மெஷின் வந்த அன்னிக்கி சந்தோஷப்பட்டவங்கள்ல நானும் ஒருத்தன். டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். 2015 மழையில என் சம்பாப் பயிர் ஏழு நாள் தண்ணிக்குள்ள நின்னு அழுகினதை நான் மறக்கல. அதுக்கு இந்தப் புதர்தான் காரணம்னு நம்பினேன். வேலை முடிஞ்சதும் ஓடை புது ரோடு மாதிரி பளிச்சின்னு இருந்துச்சி. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல கூட போட்டேன்.

அடுத்த வருஷம் மாசி கடைசியில என் மோட்டார் காத்தை இழுத்துச்சி.

ஓடைக்கரையில இருந்து அம்பது தப்படி தள்ளி என் கிணறு. எங்க அப்பா கவலை ஓட்டின கிணறு, முப்பத்திரண்டு அடி. எந்தச் சித்திரையிலயும் ஓர் ஆள் ஆழம் தண்ணிக்குக் குறைஞ்சி நான் பார்த்ததில்ல. அந்த வருஷம் நவரை நெல் பால் பிடிக்கிற நேரத்துல கடைசி மூணு தண்ணி கொடுக்க முடியல. பாதிக்கு மேல பதர். மழை குறைச்சலான்னு கேட்பீங்க. இல்ல. அந்தக் கார்த்திகையில ஏரி கலங்கல் போச்சி. வாராம விட்ட கீழ்ப்பாதியை ஒட்டி எங்க பங்காளி கிணறு இருக்கு. அதுவும் கிட்டத்தட்ட அதே ஆழம். அதுல சித்திரை வரைக்கும் தண்ணி நின்னுச்சி. ரெண்டு கிணத்துக்கும் ஒரே ஏரி, ஒரே மழை. அவர் பக்கம் ஓடையில மணலும் நாணலும் இருக்கு, என் பக்கம் இல்ல.

ரெண்டு கிணத்தை வெச்சி உலகத்துக்கே தீர்ப்பு சொல்ல முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா அந்த ரெண்டு கிணறும்தான் என்னைக் குனிஞ்சி ஓடையைப் பார்க்க வெச்சது.

நாம ஓடைன்னு சொல்றது கண்ணுக்குத் தெரியிற தண்ணியை மட்டும்தான். அதுக்குக் கீழ மணலுக்குள்ள இன்னொரு ஓட்டம் இருக்கு. இது பாலாற்றங்கரைக்காரனுக்குப் புதுசா சொல்ல வேண்டிய சங்கதியே இல்ல. நந்தி மலையில கிளம்பி வாயலூர்ல கடல் சேருற வரைக்கும் பாலாறு 348 கிலோமீட்டர். அதுல 222 கிலோமீட்டர் நம்ம தமிழ்நாட்டுல. வருஷத்துல பல மாசம் மேல பார்த்தா வெறும் மணல். ஆனா அந்த மணலைக் கீறி கால்வாய் மாதிரி வெட்டி, உள்ள ஓடுற தண்ணியை வயலுக்கு இழுத்தாங்க நம்ம ஆளுங்க. ஊற்றுக்கால்னு பேர். செங்கல்பட்டு ஜில்லாவா இருந்த காலத்துல பாலாற்றுலயும் செய்யாற்றுலயும் ஊற்றுக்கால் பாசனத்துலயே விளைஞ்ச ஊர்கள் உண்டு. இன்னிக்கும் காஞ்சிபுரம் நகரத்துக்கு ஓரிக்கையிலயும் திருப்பாற்கடல்லயும் இருந்து போற குடிதண்ணி பாலாற்று மணலுக்குள்ள இருந்து எடுக்கிறதுதான். தாம்பரம், பல்லாவரம் வரைக்கும் இந்த மணல் தண்ணி குடிச்சி வளர்ந்த ஊர்தான்.

மேல ஓடுற தண்ணி ஒரு மணி நேரத்துல ஊரைத் தாண்டிடும். மணலுக்குள்ள போற தண்ணி ஒரு நாளைக்குச் சில அடிதான் நகரும். அந்த மெதுவான நடைதான் கார்த்திகை மழையைச் சித்திரைக்குக் கொண்டு வந்து சேர்க்குது.

சரி, இதுல நாணலுக்கு என்ன வேலை? மேல் ஓட்டத்தையும் அடி ஓட்டத்தையும் சேர்த்து வைக்கிற வேலையில அதுக்குப் பெரிய பங்கு இருக்கு.

ஓடைக்கு நடுவுல ஒரு நாணல் குத்து நிக்குதுன்னு வெச்சிக்குங்க. வர்ற தண்ணி அதுல முட்டுது. குத்துக்கு முன்னாடி தண்ணி கொஞ்சம் ஏறி நிக்கும், பின்னாடி கொஞ்சம் தாழ்ந்து போகும். முன்பக்கம் ஏறி நிக்கிற தண்ணியோட அழுத்தம் அதை மணலுக்குள்ள தள்ளுது. அது அடியில சுத்திக்கிட்டு பின்பக்கம் மேல வருது. வழியில அது கரையோர மண்ணையும் நனைக்குது. ஒவ்வொரு குத்தும் ஒரு சின்ன பம்பு செட்டு மாதிரி. கரண்டு பில்லு கிடையாது.

இதை நான் புத்தகத்துல மட்டும் படிச்சி எழுதல. போன மார்கழியில கீழ்ப்பாதியில போய் சோதிச்சேன். முக்கால் இஞ்ச் பிவிசி பைப்புல ரெண்டடித் துண்டு ரெண்டு வெட்டி, அடிப்பக்கம் ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டு, துணி சுத்தி, மணலுக்குள்ள ஓரடி இறக்கினேன். ஒண்ணு நாணல் குத்துக்கு மேல்பக்கம், ஒண்ணு கீழ்ப்பக்கம். மறுநாள் காலையில ஈர்க்குச்சி விட்டுப் பார்த்தேன். மேல்பக்கப் பைப்புக்குள்ள தண்ணி மட்டம் ஓடைத்தண்ணியை விட ஒரு விரற்கடை கீழ இருந்துச்சி. அப்படின்னா அங்க ஓடைத்தண்ணி மணலுக்குள்ள இறங்குது. கீழ்ப்பக்கப் பைப்புல ஓடையை விட அரை விரற்கடை மேல இருந்துச்சி. அங்க மணல் தண்ணி மேல ஏறுது. மூணு இடத்துல இப்படிப் பார்த்தேன். ரெண்டு இடத்துல இதே கதை. மூணாவது இடத்துல வித்தியாசமே தெரியல. அது இடைவெளியே இல்லாம அடர்ந்து கிடந்த சம்புப் புதர். அடியில கையை விட்டா ஒரு சாண் கறுப்புச் சேறு. இந்த மூணாவது இடத்தை ஞாபகம் வெச்சிக்குங்க, பின்னாடி வரேன்.

காலேஜ்ல படிக்கிற என் பொண்ணுகிட்ட இதைச் சொன்னேன். அது போன்ல தேடிப் படிச்சிக் காட்டுச்சி. பிரான்ஸ் நாட்டுல தீஜோன்னு ஒரு ஊர். அங்க டார்சின்னு ஒரு இன்ஜினியர் குழாய்க்குள்ள மணலை நிரப்பி, தண்ணி விட்டு, மேல கீழ மட்ட வித்தியாசத்துக்கு எவ்வளவு தண்ணி மணலுக்குள்ள போகுதுன்னு கணக்குப் போட்டு 1856-ல எழுதி வெச்சாராம். மட்ட வித்தியாசம் கூடினா ஓட்டம் கூடும், மணல் அடைஞ்சா ஓட்டம் குறையும். இதான் சாரம். 1959-ல ருமேனியாக்காரர் ஒருத்தர், ஓர்கிடான்னு பேர், ஆற்றுக்கு அடியில இருக்கிற இந்த மணல் தண்ணியைத் தனியா ஒரு உலகம்னு சொல்லி அதுக்கு ஒரு பேரும் வெச்சாராம். அந்த மணல் இடுக்குலயே பிறந்து வாழுற பூச்சி, புழுவெல்லாம் இருக்காம். ருமேனியாவுல என்ன இருக்கோ எனக்குத் தெரியாது. எங்க ஓடையில அயிரை மீன் மணலுக்குள்ள புதைஞ்சி கிடக்கும், சின்ன வயசுல கையால துழாவிப் பிடிச்சிருக்கோம். வாரின மேல்பாதியில இப்ப ஒரு அயிரையைக் காட்டுங்க பார்ப்போம்.

இன்னொண்ணும் பொண்ணு சொல்லுச்சி. நாணல், சம்பு வேரெல்லாம் சேத்துக்குள்ளயும் மூச்சு விடுறதுக்காக இலையில இருந்து காத்தைக் கீழ கொண்டு போகுமாம். அதுல கொஞ்சம் வேரைச் சுத்திக் கசியுமாம். அந்தக் காத்தை வெச்சி மண்ணுல இருக்கிற நுண்ணுயிர் அழுக்கைத் தின்னுதாம். செத்துப்போன வேர் மக்கின பிறகு அது இருந்த துளை தண்ணி இறங்க வழியா ஆகுது. இதையெல்லாம்தான் நாம புதர்னு எழுதி பில் போடறோம்.

இப்ப எதிர்க்கட்சி வாதத்துக்கு வரேன். நியாயமான கேள்விக்குப் பதில் சொல்லாம போக மாட்டேன்.

முதல் கேள்வி: "செடி எல்லாம் நல்லதுன்னா ஆகாயத்தாமரையையும் விட்டுடலாமா?" விடவே கூடாது. அதையும் நாணலையும் ஒரே பட்டியல்ல எழுதினதுதான் முதல் தப்பு. ஆகாயத்தாமரைன்னு நாம சொல்ற அந்த ஊதாப்பூச் செடி தென் அமெரிக்காவுல இருந்து வந்தது. அது மணல்ல வேர் விடாம மிதக்குது. சாக்கடைத் தண்ணி கலந்த இடத்துல ரெண்டு வாரத்துல இரட்டிப்பா ஆகும். வெயிலைத் தண்ணிக்குள்ள விடாது. செத்தா அப்படியே அடியில போய் அழுகி கறுப்புச் சேறா படியும். அந்தச் சேறு மணல் இடுக்கை மெழுகி விட்ட மாதிரி அடைச்சிடும். அப்புறம் மேல ஓட்டமும் அடி ஓட்டமும் ஒண்ணையொண்ணு பார்க்கவே முடியாது. காஞ்சிபுரம் போற வழியில வேகவதியைப் பார்த்தவங்களுக்கு இது புரியும். ஆனா அந்தச் செடியைக் கூப்பிட்டது யாரு? நம்ம வீட்டுச் சாக்கடை. அதை நிறுத்தாம வருஷா வருஷம் தாமரையை அள்ளுறது சோறு போட்டுக்கிட்டே பூனையை விரட்டுற கதை.

நெய்வேலிக் காட்டாமணக்கும் அப்படித்தான், எடுக்க வேண்டிய செடிதான். ஆனா மெஷின்ல நொறுக்கிக் கரையிலயே கொட்டினா ஒவ்வொரு துண்டும் வேர் விடும். எங்க மேல்பாதியில இப்ப கரை ரெண்டு பக்கமும் அதுதான் பூத்துக் கிடக்கு. நாணல் போச்சி, காட்டாமணக்கு வந்துச்சி. இதுக்குப் பேர் சுத்தமா?

ரெண்டாவது கேள்வி: "நாணல் இருந்தா வெள்ளம் ஊருக்குள்ள வராதா?" 2015-ல என் பயிர் அழுகினதுக்கு என்ன காரணம்னு திரும்ப யோசிச்சிப் பார்த்தேன். ரோட்டுக்கு அடியில போற சின்னக் குழாய்ப் பாலத்துல மிதந்து வந்த ஆகாயத்தாமரை மொத்தமா அடைச்சிக்கிச்சி. பின்னாடி தண்ணி ஏறிடுச்சி. நாணல் வெள்ளத்துல படுத்துக் கொடுத்து, தண்ணி வடிஞ்சதும் நிமிரும். அதுக்காக ஓடை முழுக்க அடர்ந்து கிடந்தா நல்லதுன்னு சொல்ல வரல. மூணாவது பைப்பை ஞாபகம் வெச்சிக்கச் சொன்னேனே, அதான் விஷயம். இடைவெளி இல்லாம அடர்ந்தா தண்ணி தேங்கி, வண்டல் படிஞ்சி, அடி அடைஞ்சிடும். குத்துக் குத்தா இருந்தா நடுவுல தண்ணி வேகமா ஓடி மணலைக் கழுவி வைக்கும், குத்து இருக்கிற இடத்துல உள்ள இறக்கும். ஆகவே நாணலை அறுக்கணும், வேரோட தோண்டக் கூடாது. எங்க பெரியப்பா காலத்துல கூரை வேயவும் மாட்டுக்குப் போடவும் வருஷா வருஷம் அறுத்தாங்க. ஓட்டு வீடும் தளம் போட்ட வீடும் வந்தது, அறுக்கிறது நின்னு போச்சி. அதுல நம்ம தப்பும் உண்டு.

மூணாவது கேள்வி: "நாணல் தண்ணியைக் குடிக்காதா?" குடிக்கும். நெல்லு குடிக்கலையா? கோடையில அது குடிக்கிறது கண்ணுக்குத் தெரியாத நஷ்டம்தான். ஒத்துக்கறேன். ஆனா மணலையே அள்ளிட்டா குடிக்கிறதுக்கும் தண்ணி இருக்காது, நமக்கும் இருக்காது.

மணல் கணக்கையும் போட்டுடறேன், நான் பத்தாவது வரைக்கும் படிச்ச கணக்குதான். நூறு அடி நீளம், இருபது அடி அகலம், அஞ்சடி ஆழம். மொத்தம் 10,000 கன அடி மணல். லாரிக்காரன் கணக்குல நூறு யூனிட். அதே மணல் நனைஞ்சி நின்னா அதுல இருந்து வடியிற தண்ணி நாலுல ஒரு பங்குன்னு வெச்சாலும் 2,500 கன அடி. கன அடிக்கு 28 லிட்டர். 70,000 லிட்டர்! பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர்ல கிட்டத்தட்ட ஆறு லாரித் தண்ணி. வெறும் நூறு அடி ஓடைக்கு. அந்த மணலை வித்தா ஒரு தடவைதான் காசு. இருந்தா ஒவ்வொரு மழைக்கும் அந்தத் தொட்டி ரொம்பும். இது போதாதுன்னு, ஓடையை அஞ்சடி ஆழமாக்கினா கரையோர நிலத்துல ஊறி நிக்கிற தண்ணியும் அந்தப் பள்ளத்துக்கு வடிஞ்சி ஓடிடும். என் கிணத்துக்கு நடந்தது இதான்னு நான் நினைக்கிறேன்.

2017-ல குடிமராமத்துத் திட்டத்தை நம்ம பக்கத்துல மணிமங்கலம் ஏரியிலதான் தொடங்கி வெச்சாங்க. நல்ல பேர். ஆனா குடிமராமத்துன்னா குடிகள் பார்த்துச் செய்யிற வேலை. எந்தச் செடி எங்க நிக்கணும், மணல் எது வண்டல் எது, எதோட நிறுத்தணும்னு தெரிஞ்சவன் மண்வெட்டியைப் பிடிச்சான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி உத்திரமேரூர்ல ஏரிக்குன்னு தனியா வாரியம் வெச்சி, குடவோலையில ஆள் எடுத்தாங்கன்னு கல்வெட்டுல இருக்கு. அந்த மாவட்டத்துல இன்னிக்கி ஓடைக்கு யார் வாரியம்? கன அடிக்கு இவ்வளவுன்னு பில் போடுறவர்தான் வாரியம். ஆழமா தோண்டத் தோண்டத் தொகை ஏறும்னா எவன் மணல்ல நிறுத்துவான்?

"விடுப்பா, நாணல் தானா முளைக்கும்"னு டீக்கடையில ஒருத்தர் சொன்னாரு. எங்க ஊர் மரகதவல்லித் தாயார் சந்நிதியில வறுத்த பயறு முளைக்கும்னு நம்பிக்கை. குழந்தை வரம் வேண்டி எத்தனையோ பேர் வந்து மடியில கட்டிக்கிட்டுப் போறாங்க. அது தாயார் அருள், நான் பேச மாட்டேன். ஆனா மணலை அள்ளிட்டு, வெறும் களிமண்ணுல நாணல் குத்து தானா வந்து பழையபடி தண்ணியை இறக்கும்னு சொல்றதுக்குத் தாயாரைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க. ரெண்டு மழைக்காலம் ஆச்சி. நாணல் திரும்பல. மணல் வர்றதுக்கு இன்னும் எத்தனை வெள்ளம் ஆகும்?

இதையெல்லாம் இப்ப எழுதறதுக்குக் காரணம் இருக்கு. இந்தக் கோடையில மீதி கீழ்ப்பாதியையும் வாரப் போறதா பேச்சு. மார்ச் 22 தண்ணீர் தினத்துக்குக் கிராம சபை வருது. நான் அங்க எழுந்திரிச்சிக் கேட்கப் போறது இதுதான்:

தூர் வாரும்போது மேல படிஞ்ச கறுப்பு வண்டலோட நிறுத்தணும். மணல் தெரிஞ்சதும் மெஷின் நிக்கணும். அந்த அளவை ஊர்க்காரங்க முன்னாடி கல் நட்டுக் காட்டணும்.

ஆகாயத்தாமரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் ஆளை விட்டு எடுக்கணும், மழைக்கு முன்னாடியே எடுக்கணும். கரையில கொட்டாம மேட்டுக்குக் கொண்டு போகணும். நூறு நாள் வேலைக்கு இதை விட நல்ல வேலை என்ன இருக்கு?

நாணல், சம்பு, கோரையை இந்த வருஷம் ஒரு கரை, அடுத்த வருஷம் மறுகரைன்னு அறுக்கணும். ஓடைக்கு நடுவுல தண்ணி போக வழி விட்டு, குத்துக் குத்தா நிறுத்தணும். வேரைத் தொடக் கூடாது.

தெருச் சாக்கடை ஓடையில விழுற இடத்துல உறிஞ்சிகுழி போடணும். ரோட்டுக்கு அடியில இருக்கிற அந்தச் சின்னக் குழாய்ப் பாலத்தைப் பெருசா கட்டணும். வெள்ளத்துக்கு வைத்தியம் அங்க இருக்கு.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எஸ்டிமேட்டைச் சபையில தமிழ்ல படிக்கணும். எத்தனை கன அடி எடுக்கிறாங்க, அதுல மணல் எவ்வளவு, அது எங்க போகுதுன்னு சொல்லணும்.

இது எதுவும் வேலையை நிறுத்தச் சொல்ற கோரிக்கை இல்ல. சில பேர் என்னை "வளர்ச்சிக்கு எதிரி"ன்னு சொல்வாங்க. நான் பதர் தூத்தினவன்ப்பா, எனக்குப் பயிர் வளர்ச்சிதான் வேணும்.

ஊர்க்காரங்க யாராவது இதைப் படிச்சா ஒரு வேலை செய்யுங்க. இன்னும் பத்து, பதினஞ்சி நாளைக்குக் கீழ்ப்பாதியில கணுக்கால் அளவு தண்ணி ஓடும். சாயங்காலம் வாங்க. மணலுக்குள்ள நட்ட ரெண்டு பைப்பும் இன்னும் அங்கயே இருக்கு. ஈர்க்குச்சி நான் கொண்டு வரேன். மட்டத்தை நீங்களே அளந்து பாருங்க. அப்புறம் 22-ஆம் தேதி சபைக்கு வந்து, என் பக்கம் பேசறதா, அவங்க பக்கம் பேசறதான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.